கறுப்புக் கல்லின் பூர்வீகம்: பழங்கால டோலரைட் டைக்குகளைச் சேகரித்து, பகுத்து, பிறப்பிடம் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஊருணிக் கரையிலும் பழைய மதிலிலும் செம்புறாங்கல். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் பக்கம் சாம்பல் நிறக் குன்றுகள். புதிதாகக் கட்டிய வீட்டின் சமையல் மேடையில் கன்னங்கரேலென்று ‘பிளாக் கிரானைட்’. இந்த மூன்றாவது கல் கடைக் கணக்கில்தான் கிரானைட். தர்மபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம் மாவட்டக் குவாரிகளிலிருந்து வருவது பெரும்பாலும் டோலரைட். அல்லது அதே வகைக் கற்குழம்பு இன்னும் மெதுவாகக் குளிர்ந்து பருமணியான காப்ரோ. கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இதில் 50ஐ ஒட்டி நிற்கும். மக்னீசியமும் இரும்பும் மிகுந்திருப்பதால் இதை மாஃபிக் பாறை என்கிறோம்.

கண்டத்தின் மேலோடு விரிசல் விட்டபோது, அடியிலிருந்த மேண்டிலில் உருகிய கற்குழம்பு அந்த விரிசலில் ஏறி உறைந்தது. பாறைக்குள் மதில் எழுப்பியதுபோல் நிற்கும் இந்த உருவம்தான் டைக். ஒரு மீட்டர் அகலத்திலும் இருக்கும், நூறு மீட்டரைத் தாண்டியும் இருக்கும். ஒரே காலத்தில், ஒரே மூலத்திலிருந்து நூற்றுக்கணக்கில் கிளம்பினால் அது டைக் திரள். கனடாவின் மெக்கன்சி திரள் 126.7 கோடி ஆண்டு பழையது. ஒரு மையத்திலிருந்து விசிறிபோல் விரிந்து 2000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் பக்கத்துப் பெங்களூர் திரள் அதைவிடப் பழையது: கிழக்கு மேற்காக ஓடும் அதன் டைக்குகளுக்கு 236.7 கோடி ஆண்டு வயது.

காரைக்குடியிலிருந்து கிளம்பி, ஒரு டைக்கைச் சரியாக அடையாளம் கண்டு, கல் எடுத்து, பகுப்பாய்வு செய்து, குழம்பு எங்கே உருகியது, வழியில் எதைக் கரைத்துக்கொண்டது என்று சொல்வது வரை இங்கே இருக்கிறது. நிலவியல் முதுகலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. தொடக்கத்திலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கருவி செய்யும் பிழையைத் தரக் கல் (எண்கள் முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கல்) காட்டிக்கொடுத்துவிடும், சம்மட்டி செய்யும் பிழையைக் காட்டிக்கொடுக்க எதுவும் கிடையாது. ஆகவே களத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறோம்.

படி 1: கண்ணைப் பழக்குவது

வெளியூர் போகும் முன் காரைக்குடியிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். மார்பிள்–கிரானைட் கடையில் அறுத்து மிஞ்சிய கறுப்புத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான பக்கத்தை விட்டு உடைந்த பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கறுப்புக்குள் சாம்பல் நிறக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், அது பிளாஜியோகிளேஸ். குச்சிகளுக்கு நடுவே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழுப்பு கலந்த கறுப்பு பைராக்சீன். கல்லை மெல்லத் திருப்பினால் பைராக்சீனின் ஒரு முகம் முழுதும் ஒரே நொடியில் மின்னும். அந்த மின்னலைச் சாம்பல் குச்சிகள் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். இதுவே ஆஃபிட்டிக் அமைப்பு. நூலில் கட்டிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் இழுபடும். உள்ளே மேக்னடைட் இருக்கிறது.

இந்தத் துண்டு கண்ணுக்கு மட்டும். பகுப்பாய்வுக்கு அனுப்பாதீர்கள். எந்தக் குவாரி, டைக்கின் எந்தப் பகுதி என்று தெரியாத கல்லின் எண்களை எதோடும் ஒப்பிட முடியாது. மெருகேற்றும்போது பூசிய ரெசினும் அதில் இருக்கும்.

படி 2: இடம் தேர்வு, ஏன் காவிரிக்கு வடக்கே

செட்டிநாட்டின் கிழக்குப் பகுதியைப் படிவுகளும் செம்புறாங்கல்லும் மூடியிருக்கின்றன. மேற்கிலும் வடக்கிலும் நைஸ் (வரிவரியான உருமாறிய பாறை), சார்னோக்கைட் (பைராக்சீன் கலந்த கிரானைட் வகைப் பாறை), கிரானைட் வெளியே தெரிகின்றன. இவை மதுரைப் பாறைத்தொகுதியைச் சேர்ந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகக் கடுமையான வெப்பத்தில் வெந்தவை. சிவகங்கை கிராஃபைட்டும் அப்படி வெந்த பழைய படிவுகளில்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்து டைக் இங்கே இருந்திருந்தாலும் அதன் கனிமங்கள் மறுபடி படிகமாகி, விளிம்பு மழுங்கி, டைக் என்ற அடையாளமே அழிந்திருக்கும்.

இங்குள்ள கல் குவாரிகளில் சாம்பல் பாறைக்கு நடுவே கறுப்புப் பட்டை தெரியும்போது ‘டைக் கிடைத்துவிட்டது’ என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் அது இரு பைராக்சீன் கிரானுலைட், அதாவது கடுஞ்சூட்டில் மறுபடி படிகமான பாறை. பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும். பட்டை சுற்றுப்பாறையின் வரிகளை வெட்டிக்கொண்டு போகிறதா, வரிகளோடு சேர்ந்தே வளைகிறதா? வெட்டினால் டைக். ஓரத்தில் மணிகள் சிறுத்து, கண்ணாடிபோல் நுண்மையாகின்றனவா? அது வேகமாகக் குளிர்ந்த ஓரம், டைக்கின் கையெழுத்து. சுற்றுப்பாறையின் உடைந்த துண்டுகள் ஓரத்தில் சிக்கியிருக்கின்றனவா? நுண்ணோக்கியில் மணிகள் 120 டிகிரிக் கோணத்தில் தேன்கூடுபோல் சந்திக்கின்றனவா? அப்படிச் சந்தித்தால் அது உருமாறிய பாறை. நான்கில் முதல் இரண்டுக்கும் களத்திலேயே விடை கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்தைத் தாண்டி வடக்கே போனால் கதை வேறு. சேலத்துக்கு வடக்கே தர்மபுரி, அரூர், திருவண்ணாமலை வரை மேலோட்டின் கடைசிப் பெருஞ்சூடு சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஏறிய டைக்குகள் பெருமளவு ஏறியபடியே நிற்கின்றன. காரைக்குடியிலிருந்து திருச்சி, நாமக்கல், சேலம் வழியாகத் தர்மபுரி சுமார் 300 கிலோமீட்டர். மூன்று நாள் ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 நிலவியல் வரைபடத்தைப் பார்த்து டைக் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் அவை இருண்ட, நேரான, உருண்டைக் கற்கள் குவிந்த மேடுகளாகத் தெரியும். களத்தில் அதைவிட எளிய தடயம் விவசாயக் கிணறு. கிணறு வெட்டிக் கொட்டிய கல்மேட்டில் கறுப்புக் கல் இருந்தால் கீழே டைக் இருக்கிறது. அதுவும் மழை வெயில் படாத புதுக் கல். கிணற்றுச் சுவரில் ஓரமும் தெரிந்தால் அதைவிட நல்ல வெட்டுமுகம் கிடைக்காது.

குவாரியில் நுழைய உரிமையாளர் அனுமதி, காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி. வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே போங்கள். திருமயம் கோட்டை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் குடைவரைக் கோயில்களிலும் சம்மட்டியைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. லென்ஸ் போதும்.

படி 3: களத்தில் கல் எடுப்பது

தேவையானவை: 4 பவுண்டு சம்மட்டி, உளி, கண் கவசம், கிளைனோமீட்டர் திசைகாட்டி, ஜிபிஎஸ், 10 மடங்கு லென்ஸ், தடித்த பாலித்தீன் பை, துணிப்பை, அளவு நாடா. பழைய நிலப்படம் இருந்தால் நல்லது.

முதலில் டைக்கின் போக்கை அளக்க வேண்டும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. டோலரைட்டில் மேக்னடைட் இருப்பதால் கல்லின் மேல் வைத்த திசைகாட்டி பொய் சொல்லும். மின்னல் தாக்கிய மேட்டில் இன்னும் மோசம். கல்லிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று, டைக்கின் நீளத்தைக் கண்ணால் பார்த்து அளவெடுங்கள். பிறகு ஜிபிஎஸ் புள்ளிகள் இரண்டைச் சேர்த்துச் சரிபாருங்கள். போக்கு 15 டிகிரி தவறினால் ஒரு திரளின் டைக் இன்னொரு திரளில் போய் விழுந்துவிடும்.

அடுத்து அகலம் முழுக்க நாடாவைப் போட்டு, குறைந்தது மூன்று இடத்தில் கல் எடுங்கள்: ஓரம், கால் பங்கு, நடு. வேகமாகக் குளிர்ந்த ஓரம், குழம்பு உள்ளே வந்தபோது இருந்த கலவைக்கு மிக அருகில் இருக்கும். படிகங்கள் பிரிந்து சேர அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் சுற்றுப்பாறையைத் தொட்ட முதல் சில சென்டிமீட்டரில் அந்தப் பாறையிலிருந்து பொட்டாசியம், ருபிடியம் ஊறி ஏறியிருக்கும். அதைத் தாண்டி, இன்னும் நுண்மணியாக இருக்கும் இடத்தில் எடுங்கள். நடுப்பகுதியின் பருமணிக் கல் வயது காண்பதற்கு.

சுற்றுப்பாறையையும் எடுக்க வேண்டும். தொடும் இடத்திலிருந்து ஒரு மீட்டரில் ஒன்று, 20 மீட்டர் தள்ளி ஒன்று. இதைப் பலர் எடுப்பதில்லை. படி 7இல் அந்த ஒரு கல் இல்லாமல் மொத்த வாதமும் நின்றுபோகும்.

அளவு: நுண்மணிக் கல் 1 முதல் 2 கிலோ, பருமணி என்றால் 5 கிலோ. மணி பெரிதாகப் பெரிதாகக் கல்லும் பெரிதாக வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பெரிய பைராக்சீன் கூடுதலாக விழுந்தாலே குரோமியம் எண் ஏறிவிடும். வயதுக்குத் தனியாக 5 கிலோ.

டோலரைட் வெங்காயத் தோல்போல் உரியும். வெளியே துருப்பிடித்த செம்பழுப்பு ஓடு, உள்ளே நீலக்கறுப்புக் கரு. ஓட்டைத் தட்டித் தட்டி உடைத்து, அடித்தால் கணீரென்று ஒலிக்கும் கரு வரும்வரை போங்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் சிதைவு இருக்கிறது. வெள்ளைக் கால்சைட் நரம்பு, பிஸ்தாப் பச்சை எபிடோட் நரம்பு ஓடும் துண்டுகளை அங்கேயே ஒதுக்குங்கள். எண்ணைப் பையின் மேல் எழுதுங்கள். கல்லின் மேல் பெயின்டோ மார்க்கரோ படக்கூடாது, அவற்றில் உலோகச் சேர்மங்கள் உண்டு. துணிப்பைக்குள் ஒரு சீட்டும் போடுங்கள். வண்டியில் உரசி வெளியெழுத்து அழிந்துபோகும்.

படி 4: நுண்ணோக்கி முடிவெடுக்கட்டும்

ஒவ்வொரு கல்லிலும் 30 மைக்ரான் தடிமனில் சீவல் செய்யுங்கள். பகுப்பாய்வுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்ய வேண்டும். பத்துக் கல்லில் மூன்று நான்கு இங்கேயே கழிந்துபோகும்.

பார்க்க வேண்டியவை: பைராக்சீனின் ஓரம் பச்சை ஆம்பிபோலாக மாறியிருக்கிறதா, பிளாஜியோகிளேஸுக்குள் எபிடோட் தூள் நிறைந்திருக்கிறதா, குளோரைட் எவ்வளவு. பாதிக்கு மேல் மாறிய கல்லைச் சோடியம், பொட்டாசியம், ருபிடியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் சார்ந்த எந்த விளக்கத்துக்கும் பயன்படுத்தாதீர்கள். பிளாஜியோகிளேஸ் பழுப்பு மேகம் படிந்ததுபோல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். படிகத்துக்குள்ளிருந்த இரும்பு நுண்துகள்களாகப் பிரிந்ததால் வரும் மேகம் அது. அந்த டைக் மேலோட்டின் ஆழத்தில் நெடுங்காலம் சூட்டில் கிடந்தது என்பதற்குச் சாட்சி. பெங்களூர் திரளில் தெற்கே வர வர இந்த மேகம் அடர்வதைக் கண்டிருக்கிறார்கள். தெற்கே மேலோட்டின் ஆழமான அடுக்கு அரிக்கப்பட்டு வெளியே வந்திருக்கிறது.

படி 5: பொடியாக்குவது

சம்மட்டி பட்ட முகங்களில் இரும்பு தீற்றியிருக்கும். அவற்றை வைர வாளால் சீவி, வாள் தடத்தைச் சிலிக்கான் கார்பைடு தாளில் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். தாடை நொறுக்கியில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்து, லென்ஸ் வைத்துத் துண்டு துண்டாகப் பொறுக்கி, கால் பங்கு முறையில் குவித்துப் பிரித்து 100 கிராம் எடுங்கள். அதை 75 மைக்ரானுக்குக் கீழே அரைக்க வேண்டும்.

எந்த ஆட்டுகலில் அரைத்தாலும் அந்தக் கல் கொஞ்சம் மாவில் கலக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். இங்கேயும் அதே கதை. டங்ஸ்டன் கார்பைடு அரவை டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் மூன்றையும் சேர்க்கும், கொஞ்சம் நியோபியத்தையும் சேர்க்கும். கடைசி முடிவு நியோபியத்தில்தான் இருக்கிறது என்பதால் அது கூடவே கூடாது. எஃகு அரவை இரும்பு, குரோமியம், மாங்கனீசு தரும். அகேட் அரவை மெதுவானது, ஆனால் அது தருவது பெரும்பாலும் சிலிக்கா மட்டும். அகேட்டையே கேளுங்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் முன்பு சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டி, பிறகு அதே கல்லின் சிறு பங்கை அரைத்துக் கொட்டி, அதன் பின்பே உண்மையான பங்கை அரையுங்கள். டைக் கற்களை முதலில் முடித்துவிட்டு நைஸ், கிரானைட்டைக் கடைசியில் அரையுங்கள். நைஸின் தோரியம் ஒரு சிட்டிகை ஒட்டினாலும் டோலரைட்டின் எண் மாறிவிடும்.

படி 6: பகுப்பாய்வு

முதன்மை ஆக்சைடுகளுக்கு எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை). லித்தியம் போரேட்டோடு 1050 டிகிரியை ஒட்டி உருக்கிய கண்ணாடி வில்லையே சிறந்தது. அழுத்திய பொடி வில்லையில் மணி அளவுப் பிழை வரும். எரிப்பு இழப்பை (சூடேற்றும்போது குறையும் எடையை) தனியாக அளக்க வேண்டும். புதிய டோலரைட்டில் அது சுழிக்குக் கீழே, எதிர்க்குறியோடு வரலாம். பதற வேண்டாம்: சூட்டில் இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடுகிறது. மாறாக 2 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணோக்கிக் குறிப்பை மறுபடி பாருங்கள். மொத்தக் கூட்டுத்தொகை 98.5க்கும் 101க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

சுவடுத் தனிமங்களுக்கும் அரிமண் தனிமங்களுக்கும் (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை) ஐசிபி-எம்எஸ், அதாவது பிளாஸ்மாச் சூட்டில் அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி. 50 மில்லிகிராம் பொடியை ஹைட்ரோஃப்ளோரிக், நைட்ரிக் அமிலங்களில் கரைக்க வேண்டும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கென்றே அமைத்த புகைக்கூண்டும், கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பயிற்சி பெற்றவரும் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள். இந்த அமிலம் தோலில் பட்டால் வலி பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். அதற்குள் உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவதே சரி.

அனுப்பும்போது கேட்க வேண்டியவை மூன்று. மூடிய டெஃப்லான் குண்டில், 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் கரைக்கிறார்களா? திறந்த பாத்திரத்தில் சிர்க்கான் (சிர்கோனியம் சிலிகேட் கனிமம்) கரையாமல் அடியில் தங்கும்; சிர்கோனியமும் ஹாஃப்னியமும் குறைந்து வரும். சுற்றுப்பாறைக்கு இது மிக முக்கியம். பிஹெச்விஓ-2 போன்ற பசால்ட் தரக் கல்லையும் கூடவே ஓட்டுகிறார்களா? அதில் நியோபியம் 18, லாந்தனம் 15 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஒட்டி வர வேண்டும். யூரோப்பியத்துக்குப் பேரியம் ஆக்சைடு திருத்தம் செய்கிறார்களா? செய்யாவிட்டால் பேரியம் மிகுந்த கல்லில் இல்லாத யூரோப்பியம் இருப்பதாகத் தெரியும். இவற்றோடு, பத்துக் கல்லுக்கு ஒன்றை வேறு எண்ணில் இரட்டையாக அனுப்புங்கள். சிர்கோனியம், இட்ரியம் இரண்டையும் எக்ஸ்ஆர்எஃப் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

படி 7: எண்களைப் படிப்பது

பயிற்சிக்காக ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. சிலிக்கா 50, மொத்த இரும்பு ஃபெரிக் ஆக்சைடாக 13.2, மக்னீசியம் ஆக்சைடு 6.5 சதவீதம். தோரியம் 2, நியோபியம் 6, லாந்தனம் 14, கடோலினியம் 4, இட்டர்பியம் 2.2 பிபிஎம்.

முதலில் மக்னீசியம் எண்: மக்னீசியம், இரும்பு இரண்டின் அணுக்களில் மக்னீசியத்தின் பங்கு. 13.2ஐ 0.8998ஆல் பெருக்கினால் ஃபெரஸ் ஆக்சைடு 11.88. அதை 71.844ஆல் வகுத்தால் 0.165, 6.5ஐ 40.304ஆல் வகுத்தால் 0.161. மக்னீசியத்தின் பங்கு 49 சதவீதம். மேண்டிலிலிருந்து அப்படியே வந்த குழம்பில் இது 70ஐ ஒட்டி இருக்கும். நிக்கல் 300 பிபிஎம்மைத் தாண்டும். ஆக, இந்தக் குழம்பு வழியில் எங்கோ தங்கி, ஆலிவினையும் பைராக்சீனையும் படிகமாக உதிர்த்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறது. உலகின் பெரும்பாலான டைக்குகள் இப்படித்தான்.

பாறைக்குப் பெயர் வைக்கச் சோடியம்–பொட்டாசியம் வரைபடத்தை நம்பாதீர்கள். 200 கோடி ஆண்டில் அவை இரண்டும் நகர்ந்திருக்கும். சிர்கோனியம்/டைட்டானியம், நியோபியம்/இட்ரியம் விகிதங்கள் நகராதவை. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

உருகிய ஆழத்துக்கு: கடோலினியம் 4ஐக் காண்ட்ரைட் (ஆதி விண்கல்) மதிப்பு 0.2055ஆலும், இட்டர்பியம் 2.2ஐ 0.170ஆலும் வகுத்தால் 19.5, 12.9. விகிதம் 1.5. மேண்டிலில் கார்னெட் மிஞ்சியிருந்தால் அது இட்டர்பியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விகிதம் 2ஐத் தாண்டும். ஆகவே இந்தக் குழம்பு பெரும்பாலும் கார்னெட் நிலைக்கும் ஆழத்துக்கு மேலே, ஸ்பைனெல் மண்டலத்தில் உருகியது.

இனி முக்கியமான கேள்வி. தோரியம், நியோபியம், லாந்தனம் மூன்றையும் ஆதி மேண்டில் (மேலோடு பிரியும் முன் இருந்த மேண்டில்) மதிப்புகளான 0.085, 0.713, 0.687ஆல் வகுங்கள்: 23.5, 8.4, 20.4. நியோபியம் பள்ளமாக விழுகிறது. தோரியத்தையும் லாந்தனத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 21.9, 8.4ஐ அதனால் வகுத்தால் 0.38. பள்ளமே இல்லாவிட்டால் 1 வரும்.

இந்தப் பள்ளத்தைக் கண்டதும் ‘தீவு வளைவில் உருவானது’ (ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழும் இடத்து எரிமலைத் தீவுகளில்) என்று எழுதிவிடும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் நிறைய. பசால்ட்டுகளுக்கான முக்கோண வரைபடங்களும் அதையே சொல்லும். கண்டத்துக்கு நடுவே, கடினமான பழைய மேலோட்டை நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டு ஓடும் திரளுக்கு அந்த முடிவு பொருந்தாது. பள்ளத்துக்கு இரண்டு வழி உண்டு: குழம்பு வரும் வழியில் மேலோட்டைக் கரைத்தது; அல்லது, கண்டத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் மேண்டிலே பழைய அமிழ்வுக் காலத்து நீர்மங்களால் ஏற்கெனவே மாறியிருந்தது. எது என்று கணக்குப் போட்டே சொல்ல வேண்டும்.

ஆதி மேண்டில் 20 சதவீதம் உருகியது என்று வைப்போம். உருகிய குழம்பில் தனிமத்தின் அளவுக்கு, மூல அளவை ‘பங்கீட்டுக் கெழு + உருகிய பங்கு × (1 − கெழு)’ என்பதால் வகுக்க வேண்டும். கெழு என்பது படிகத்தில் தனிமம் இருக்கும் அளவுக்கும் குழம்பில் இருக்கும் அளவுக்கும் உள்ள விகிதம். கெழு 0.01 என்றால் வகுக்கும் எண் 0.208. லாந்தனம் 3.3, நியோபியம் 3.4, தோரியம் 0.41. பிறகு பாதிக் குழம்பு படிகமாகப் போனால், கெழு 0.1 என்று கொண்டு, மிச்சத்தில் இவை 1.87 மடங்காகும்: லாந்தனம் 6.2, நியோபியம் 6.4, தோரியம் 0.76. நியோபியம் நம் கல்லின் 6க்குக் கிட்டத்தட்டச் சரி. லாந்தனமும் தோரியமும் போதவில்லை.

மிச்சத்தை மேலோடு தந்ததா? மேல் மேலோட்டின் சராசரி லாந்தனம் 31, தோரியம் 10.5. தோரியம் 0.76லிருந்து 2க்கு ஏற 13 சதவீதம் மேலோடு போதும். லாந்தனம் 6.2லிருந்து 14க்கு ஏற 31 சதவீதம் வேண்டும். அவ்வளவு மேலோடு கரைந்தால், 49இல் தொடங்கிய சிலிக்கா 54ஐத் தாண்டியிருக்கும். நம் கல்லிலோ 50தான். மூன்று எண்ணும் ஒரே விடைக்கு வரவில்லை. ஆகவே சராசரி மேலோட்டைக் கரைத்ததால் மட்டும் இந்தக் கல் உருவாகவில்லை. மூல மேண்டிலே லாந்தனம் மிகுந்ததாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே நிறுத்தினால் தவறு. சார்னோக்கைட் நாட்டில் சராசரி மேலோடு என்பதே பொருந்தாமல் போகலாம். கிரானுலைட் நிலைக்கு வெந்த பாறை யுரேனியத்தையும் ருபிடியத்தையும், சில இடங்களில் தோரியத்தையும் இழந்திருக்கும். லாந்தனம் அப்படியே இருக்கும். தோரியம் குறைந்த அத்தகைய பாறையைக் கரைத்தால் மேலே கண்ட லாந்தனம்–தோரியம் முரண்பாடு தானாகத் தீர்ந்துவிடும். அதனால்தான் 20 மீட்டர் தள்ளி எடுத்த சுற்றுப்பாறைக் கல். அதன் எண்களை வைத்து இதே கணக்கை மறுபடி போடுங்கள். அப்போதும் சிலிக்கா இடித்தால் விடை மேண்டிலில்தான்.

ஒரே கல்லை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு திரளில் குறைந்தது 12 முதல் 15 கற்களாவது வேண்டும். சிலிக்கா ஏற ஏறப் பள்ளம் ஆழமானால் மேலோட்டுக் கலப்பு. மக்னீசியம் எண் 60இலிருந்து 40க்கு இறங்கியும் பள்ளம் மாறாமல் நின்றால் மூலத்தின் குணம்.

படி 8: ஐசோடோப்பும் வயதும்

நியோடிமியம் ஐசோடோப்பு விகிதத்தை இன்றைய காண்ட்ரைட் மதிப்பான 0.512638உடன் நேரடியாக ஒப்பிடக் கூடாது. டைக் பிறந்த காலத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆகவே வயது முதலில் வேண்டும். சாமாரியம்-147/நியோடிமியம்-144 விகிதம் 0.15 உள்ள கல்லில் வயது 50 கோடி ஆண்டு பிசகினால் எப்சிலான் மதிப்பு (காண்ட்ரைட்டிலிருந்து விலகும் அளவு, பத்தாயிரத்தில் பங்காக) 3 அலகு பிசகும். மேண்டிலா மேலோடா என்ற வாதமே அந்த 3 அலகுக்குள் தலைகீழாகும்.

பழைய பொட்டாசியம்–ஆர்கான் வயதுகளை இதற்கு நம்பாதீர்கள். பின்னாளில் சூடேறினால் ஆர்கான் தப்பி வயது குறையும், வெளியிலிருந்து ஏறினால் வயது கூடும். நம்ப வேண்டியது பேடலியைட். சிர்கோனியம் ஆக்சைடான இந்தப் பழுப்புத் தகட்டுக் கனிமம் டோலரைட் உறையும் கடைசிக் கட்டத்தில் படிகமாகிறது. சுற்றுப்பாறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உள்ளே யுரேனியம் உண்டு, தொடக்கத்தில் ஈயம் அநேகமாக இல்லை. நீளம் 100 மைக்ரானுக்குள். ஓரக் கல்லில் கிடைக்காது. நடுவின் பருமணிக் கல்லை அரைத்து, நீர் ஓடும் ஆட்டு மேசையில் மிக மெதுவாகப் பிரிக்க வேண்டும். தகடு மெல்லியது என்பதால் வழக்கமான சிர்க்கான் வேகத்தில் ஓட்டினால் தண்ணீரோடு போய்விடும். உருமாற்றத்தில் சிலிக்காவோடு சேர்ந்து இது சிர்க்கானாக மாறிவிடும். விளிம்பில் உறைபோல் சிர்க்கான் படிந்த மணிகளைத் தவிர்த்துவிடுங்கள். காவிரிக்குத் தெற்கே தேடுவதில் அநேகமாகப் பயன் இல்லாததற்கும் இதுவே காரணம்.

படி 9: திரளின் வரைபடத்தோடு பொருத்துவது

வேதியியல் மட்டும் பிறப்பிடத்தைச் சொல்லாது. ஒரே வயதுள்ள டைக்குகளின் போக்குகளை வரைபடத்தில் நீட்டிப் பாருங்கள். விசிறிபோல் ஒரு புள்ளியில் கூடினால், அடியிலிருந்து எழுந்த சூடான மேண்டில் தூணின் மையம் அங்கே இருந்திருக்கலாம். இணையாகவே ஓடினால் மேலோடு ஒரே திசையில் இழுபட்டது. குழம்பு பாய்ந்த திசையைக் காந்த ஏற்புத்திறனின் திசைச்சார்பு (கல் எந்தத் திசையில் எளிதாகக் காந்தமேறுகிறது என்பது) சொல்லும். திசை குறித்துத் துளையிட்டு எடுத்த, 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகள் அதற்குத் தேவை. மெக்கன்சி திரளில் மையத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் வரை குழம்பு செங்குத்தாக ஏறியதும், அதற்கு அப்பால் மேலோட்டுக்குள் பக்கவாட்டில் ஓடியதும் இந்த முறையில்தான் தெரியவந்தது. அப்படி ஓடியிருந்தால், நீங்கள் கல் எடுத்த இடத்துக்கு நேர் கீழே இருக்கும் மேண்டில் அந்தக் குழம்பின் தாயே அல்ல. மூலத்தைப் பற்றி எழுதும்போது ‘இந்த இடத்து மேண்டில்’ என்று எழுதும் முன் இதைச் சரிபாருங்கள்.

அட்டவணையில் ஒவ்வொரு கல்லுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, டைக்கின் அகலம், ஓரத்திலிருந்து கல் எடுத்த தூரம், அரவைக் கிண்ணத்தின் வகை, கரைத்த முறை, தரக் கல்லில் கிடைத்த எண் ஆகியவை கட்டாயம். மிஞ்சிய பொடியைக் காற்றுப் புகாத புட்டியிலும், கைப்பிடி அளவு கல்லைச் சீவலோடு சேர்த்து எண்ணிட்ட பெட்டியிலும் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வயது காண வருபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.